வயரிங் யார் கையில்?

மாடுலர் சிந்தசைசரா, எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கிய சிந்தசைசரா? மின்னணு இசைக்கு வர நினைப்பவர்கள் காசை எடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய அறுபதாண்டுக் கதை.

1969-ல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு மோக் மாடுலர் சிந்தசைசர் வந்து இறங்கியது. அதை நிறுவி, அதைச் சுற்றி ஒரு மின்னணு இசைக்கூடத்தையே அமைத்துக் கொடுத்தவர் அமெரிக்க இசையமைப்பாளரும் பியானோ கலைஞருமான டேவிட் ட்யூடர். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் 1972 வரை அந்தக் கருவியோடு மல்லுக்கட்டி, கிடைத்த ஒலிகளை டேப்பில் பதிந்தார்கள். பிறகு அந்தக் கூடம் மறக்கப்பட்டது. டேப்புகள் காப்பகத்தில் கிடந்தன. பிரிட்டன் கலைஞர் பால் பர்கஸ் அவற்றைத் தேடிப் பிடித்து உயிர்ப்பித்த பிறகே, 2023-ல் ‘தி என்.ஐ.டி. டேப்ஸ்’ என்ற தொகுப்பாக அந்த இசை வெளியே வந்தது.

1982-ல் மும்பையில் நடந்தது வேறு கதை. இந்திப் படப் பாடல்களுக்கு கிதார் வாசித்துவந்த சரண்ஜித் சிங், ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகளை ஒன்றாகக் கோத்தார். ஒன்று ஜூபிடர்-8 என்ற சிந்தசைசர். இன்னொன்று டிபி-303 என்ற பேஸ் கருவி. மூன்றாவது டிஆர்-808 என்ற டிரம் மெஷின். பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு போட்டார். அன்று அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2010-ல் மறுவெளியீடு வந்தபோது மேற்கத்திய நடன இசை உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. சிகாகோ இளைஞர்கள் அதே 303-ஐ வைத்து ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற புதிய இசை வகையை உருவாக்கி இசைத்தட்டாகக் கொண்டுவந்தது 1987-ல். அதற்கு ஐந்தாண்டு முன்பே அந்தச் சாயலில் ஒருவர் பைரவ் ராகத்தை வாசித்து முடித்திருந்தார்.

இரண்டும் இந்தியாவில் பிறந்த மின்னணு இசை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு உடனே காதில் விழும். மும்பைத் தட்டில் ராகம் இருக்கிறது, தாளம் இருக்கிறது, விரல் இருக்கிறது. அகமதாபாத் டேப்புகளின் பல பகுதிகளில் ஸ்வரத்தைவிட ஒலியின் குணமே பிரதானம். அது எப்படிப் பிறக்கிறது, எப்படித் தடிக்கிறது, எப்படி உடைகிறது என்ற தேடலே அங்கே இசையாகிறது. கலைஞர்களின் மனம் வேறு, நோக்கம் வேறு என்பது உண்மை. ஆனால் கையில் இருந்த கருவியும் வேறு. அகமதாபாத்தில் இருந்தது மாடுலர். மும்பையில் இருந்தவை உள்ளே வயரிங் முடிந்து, மூடி வந்த பெட்டிகள்.

மாடுலர்தான் ‘உண்மையான’ சிந்தசைசர், மற்றவை பொம்மை என்று ஒரு கூட்டம் சொல்கிறது. மாடுலர் பணக்காரர்களின் பொழுதுபோக்கு, அதில் ஒரு பாட்டுகூட முடியாது என்று எதிர்க்கூட்டம் சொல்கிறது. இரண்டு பேச்சுமே அடிப்படையான விஷயத்தைத் தவறவிடுகின்றன. இங்கே பிரச்சினை ஒலியின் தரம் அல்ல. ஒலி எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? கருவியைச் செய்தவரா, வாசிப்பவரா? எல்லாம் இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் கிளைக்கின்றன.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

எந்த அனலாக் சிந்தசைசரைப் பிரித்தாலும் உள்ளே ஏறக்குறைய ஒரே குடும்பம்தான். ஆஸிலேட்டர் ஓர் அலையை உண்டாக்குகிறது. அலையின் வேகமே சுருதி. ஃபில்டர் அந்த ஒலியிலிருந்து வேண்டாத பகுதிகளைச் செதுக்கி எடுக்கிறது. ஒலி கூர்மையாக இருப்பதும் மழுங்கி இருப்பதும் இதன் கையில். ஆம்ப்ளிஃபயர் ஒலியின் அளவை ஏற்றி இறக்குகிறது. என்வலப், ஒரு ஸ்வரம் எப்படித் தொடங்கி எப்படித் தேய வேண்டும் என்று கட்டளை தருகிறது. எல்.எஃப்.ஓ. என்ற மெதுவான ஆஸிலேட்டர் தன் பங்குக்கு ஒலியை அசைத்துக்கொண்டே இருக்கிறது.

இவற்றை இணைப்பது வோல்டேஜ். சுருதியை உயர்த்த வேண்டுமா? ஆஸிலேட்டருக்குப் போகும் வோல்டேஜைக் கூட்டினால் போதும். மோக் சிந்தசைசரை உருவாக்கிய ராபர்ட் மோக் வகுத்த கணக்கில் ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏறும். ஸ்தாயியைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு ஸ்வரஸ்தானத்துக்கும் சுமார் 83 மில்லிவோல்ட். ஆனால் வோல்டேஜுக்குப் பன்னிரண்டு என்ற எண்ணிக்கை தெரியாது. இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே எங்கு வேண்டுமானாலும் அது நிற்கும், வழுக்கும், அதிரும். கமகத்தில் வளர்ந்த காதுகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மூடிய பெட்டியில் ஆஸிலேட்டரிலிருந்து ஃபில்டருக்கும், அங்கிருந்து ஆம்ப்ளிஃபயருக்கும் போகும் வழியைத் தயாரிப்பாளர் சர்க்யூட் போர்டிலேயே எழுதி முடித்துவிடுகிறார். நமக்கு விட்டுவைப்பது குமிழ்களை மட்டும். மாடுலரில் ஒவ்வொரு உறுப்பும் தனி மாட்யூல். ஒவ்வொன்றின் முகத்திலும் உள்ளே போகும் துளைகளும் வெளியே வரும் துளைகளும் இருக்கும். கேபிள் செருகும்வரை எதுவும் எதோடும் பேசாது. கேபிள்களால் நாம் போடும் அந்த இணைப்புக்குப் ‘பேட்ச்’ என்று பெயர்.

இரண்டு கரைகள்

1964-ல் நியூயார்க் மாகாணத்தில் ராபர்ட் மோக் என்ற பொறியாளரும் ஹெர்பர்ட் டாய்ட்ச் என்ற இசையமைப்பாளரும் சேர்ந்து முதல் மோக் முன்மாதிரியை உருவாக்கினார்கள். ட்ரூமன்ஸ்பர்க் என்ற சிற்றூரில் மோக்கின் பட்டறை இருந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் மறு கரையில், சான்ஃபிரான்சிஸ்கோ டேப் மியூசிக் சென்டரைச் சேர்ந்த மார்ட்டன் சபாட்னிக்கும் ராமோன் செண்டரும் டான் புக்லா என்பவரிடம் ஒரு மின்னணு இசைக் கருவியைக் கேட்டார்கள். இரண்டு முயற்சிகளும் தனித்தனியாக வோல்டேஜ் கட்டுப்பாடு, தனித்தனி மாட்யூல்கள் என்ற ஒரே முடிவுக்கு வந்து சேர்ந்தன.

ஆனால் மனப்போக்கு வேறு. மோக் தன் கருவியோடு பியானோ விசைப்பலகையைச் சேர்த்தார். இசைக்கலைஞர் பார்த்த மாத்திரத்தில் கை வைக்க முடிந்தது. புக்லாவுக்கு அது பிடிக்கவில்லை. கறுப்பு வெள்ளை விசைகளை வைத்தால் பழைய இசையைத்தான் வாசிப்பார்கள் என்பது அவர் எண்ணம். அவர் வைத்தவை தொடு தகடுகள். மோக், செறிவான அலையை ஃபில்டரால் செதுக்கும் வழியில் போனார். புக்லா, எளிய அலையை மடித்தும் முறுக்கியும் சிக்கலாக்கும் வழியில் போனார். சபாட்னிக் புக்லாவில் செய்த ‘சில்வர் ஆப்பிள்ஸ் ஆஃப் தி மூன்’ 1967-ல் வெளிவந்தது. ஓர் இசைத்தட்டு நிறுவனம் தட்டுக்காகவே கேட்டு வாங்கிய முதல் மின்னணு இசைப் படைப்பு என்று அது பேசப்படுகிறது.

பாக் இசைக்கு ஆயிரம் மணி நேரம்

மாடுலரைப் பாமரர் காதுவரை கொண்டுசென்றவர் வெண்டி கார்லோஸ். 1968-ல் வெளிவந்த ‘ஸ்விட்ச்டு-ஆன் பாக்’ தட்டில் செபாஸ்டியன் பாக்கின் இசையை மோக் மாடுலரில் வாசித்திருந்தார். மூன்று கிராமி விருதுகள் கிடைத்தன. தட்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

அந்த வெற்றிக்குப் பின்னால் இருந்த உழைப்பை அறிந்தால்தான் மாடுலர் என்ன கேட்கிறது என்பது புரியும். அந்த மோக் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் வாசிக்கும். பாக்கின் இசையிலோ மூன்று நான்கு குரல்கள் ஒரே நேரத்தில் பின்னிச் செல்கின்றன. ஒவ்வொரு குரலையும் தனியாக வாசித்து, எட்டு ட்ராக் டேப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டியிருந்தது. அதிலும் சில நொடிகளுக்கு மேல் கருவி சுருதியில் நிற்காது. வெப்பம் கொஞ்சம் மாறினாலும் டிரான்சிஸ்டர்களின் போக்கு மாறி ஸ்வரம் நழுவும். வாசி, நிறுத்து, சுருதி சேர், மறுபடி வாசி. இப்படியே ஐந்து மாதம், ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம் ஓடியது.

1977-ல் டான்னா சம்மர் பாடிய ‘ஐ ஃபீல் லவ்’ பாட்டிலும் இதே போராட்டம். ஜெர்மனியின் ம்யூனிக்கில் ஜார்ஜியோ மொரோடரும் பீட் பெலாட்டும் அதைத் தயாரித்தார்கள். எபர்ஹார்ட் ஷோனர் என்ற இசையமைப்பாளருக்குச் சொந்தமான பெரிய மோக் மாடுலரை இரவல் வாங்கி, அதைக் கையாளத் தெரிந்த பொறியாளர் ராபி வேடலையும் உடன் வைத்துக்கொண்டார்கள். கருவி நழுவும் முன் இருபது முப்பது நொடித் துண்டுகளாகப் பதிந்தார்கள். குரலையும் கிக் டிரம்மையும் தவிர மற்ற எல்லாமே அந்த மாடுலர்தான். ஹைஹாட் என்று கேட்பதுகூட, மோக்கின் இரைச்சல் அலையைச் செதுக்கி எடுத்தது. பாடல் முழுக்க ஓடும் பேஸ் வரியை, ஸ்வர வரிசையைத் தானாகத் திரும்பத் திரும்ப ஓட்டும் சீக்வென்சர் வாசித்தது. டேப்பில் பதிந்த ஒரு துடிப்போடு அந்தச் சீக்வென்சரைப் பூட்டியவர் வேடல். இன்றைய நடன இசை பெருமளவு அந்தப் பாட்டின் வாரிசு.

மோக்கே மூடிய பெட்டி

ஸ்டூடியோவில் ஆயிரம் மணி நேரம் செலவழிக்கலாம். மேடையில் இரண்டு பாட்டுக்கு நடுவே அரை நிமிடம்கூடக் கிடைக்காது. இதைப் புரிந்துகொண்ட மோக் நிறுவனத்திலிருந்தே 1970-ல் மினிமோக் வந்தது. மூன்று ஆஸிலேட்டர், ஒரு ஃபில்டர், 44 விசைகள். கேபிளே கிடையாது. பெரிய மாடுலரில் மக்கள் அதிகம் போட்டுவந்த பேட்ச் எதுவோ, ஏறக்குறைய அதையே உள்ளே நிரந்தரமாக வயரிங் செய்துவிட்டார்கள். விலை சுமார் 1,500 டாலர். 1981 வரை சுமார் 12,000 கருவிகள் விற்றன.

ஒலியில் என்ன இழந்தார்கள்? ஏறக்குறைய ஒன்றுமில்லை. மோக்கின் புகழுக்குக் காரணமான ஏணி வடிவ ஃபில்டர் சர்க்யூட் மினிமோக்கிலும் இருக்கிறது. மாடுலர் என்றாலே ஒலி கனமாக இருக்கும் என்ற நம்பிக்கையை இந்த ஒரு கருவியே தகர்த்துவிடும். இழந்தது வழிகளைத்தான். பெற்றது விரலை. விசைப்பலகையின் இடது ஓரத்தில் சுருதியை வளைக்க ஒரு சக்கரம் வைத்தார்கள். மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் யான் ஹாமர் அந்தச் சக்கரத்தை உருட்டி வாசித்ததைக் கேட்டால், ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு இழையும் அந்த வளைவுகள் நம் காதுக்கு அந்நியமாகவே இருக்காது. கை வழிதேடுவதை விட்டுவிட்டு வாசிப்பதில் இறங்கியதால் கிடைத்த பலன் அது.

அடுத்தடுத்த பாய்ச்சல்கள் எல்லாம் மூடிய பெட்டியில்தான் நடந்தன. 1978-ல் வந்த ப்ராஃபெட்-5 ஒரே நேரத்தில் ஐந்து ஸ்வரங்கள் வாசித்தது. அதைவிடப் பெரிய செய்தி, 40 ஒலிகளை நினைவில் வைத்துக்கொண்டது. அதுவரை கலைஞர்கள் குமிழ்களின் நிலையைத் தாளில் குறித்துவைத்துக்கொண்டு திண்டாடினார்கள். 1983-ல் வெவ்வேறு நிறுவனக் கருவிகளைப் பேசவைக்கும் மிடி முறை வந்தது. அதே ஆண்டு யமஹாவின் டிஎக்ஸ்-7 வந்து 16 ஸ்வரங்களை ஒரே நேரத்தில் வாசித்தது. எண்பதுகளின் பாடல்களில் உலகெங்கும் கேட்ட கண்ணாடி மணி போன்ற எலெக்ட்ரிக் பியானோ அதனுடையதுதான்.

டிஎக்ஸ்-7-ன் மேல்முகட்டில் 32 சின்னச் சின்னக் கட்டப்படங்கள் அச்சிடப்பட்டிருக்கும். ஒலியை உண்டாக்கும் ஆறு ஆபரேட்டர்களை எப்படியெல்லாம் இணைக்கலாம் என்பதற்கான வரைபடங்கள் அவை. ‘அல்காரிதம்’ என்று பெயர். மூடிய பெட்டியின் தத்துவம் முழுக்க அந்த அச்சில் அடங்கியிருக்கிறது. வழிகள் 32, எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம், முப்பத்து மூன்றாவது கிடையாது.

திரையிசை ஏன் மூடிய பெட்டியின் பக்கம் போனது என்பதற்கும் விடை இங்கேதான். நேற்று போட்ட ஒலி இன்று அப்படியே வேண்டும். பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கார்டு வாசிக்க வேண்டும். இயக்குநர் கேட்ட உடனே மாற்றித் தர வேண்டும். 1986-ல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கணினி சீக்வென்சரைக் கொண்டுவந்தார். 1989-ல் ஏ.ஆர். ரஹ்மான் சென்னையில் தன் வீட்டோடு சேர்த்து பஞ்சதன் ஸ்டூடியோவை அமைத்தார். மிடியும், ஒலியை நினைவில் வைக்கும் கருவிகளும் இல்லாமல் அந்த வேகம் சாத்தியமே இல்லை. மாடுலரின் பேட்சைக் கலைத்தால் அது போனது போனதுதான். புகைப்படம் எடுத்துவைத்தாலும், குமிழ் ஒரு மயிரிழை தள்ளி நின்றால் பழைய ஒலி திரும்பாது.

ஒரு கேபிள் என்ன செய்யும்?

அப்படியானால் மாடுலரின் முன் உட்கார வேண்டிய அவசியம் என்ன? உட்கார்ந்தே பார்ப்போம்.

ஆஸிலேட்டரின் சாடூத் அலை வெளிவரும் துளையில் ஒரு கேபிளைச் செருகி, மறுமுனையை நேராக மிக்சருக்குக் கொண்டுபோங்கள். முரட்டு ரீங்காரம் ஒன்று கேட்கும். அது நிற்காது. கையை எடுத்தாலும் நிற்காது. மாடுலர் கற்றுத்தரும் முதல் பாடம் இது: இங்கே மௌனத்தையும் நாமே கட்ட வேண்டும். ஸ்வரம் தொடங்குவதும் முடிவதும் இயல்பாக நடப்பவை அல்ல. அதற்கு ஓர் ஆம்ப்ளிஃபயரும் அதைத் திறந்து மூடும் என்வலப்பும் வேண்டும். கீபோர்டில் விசையை விட்டதும் ஒலி அடங்குவதை நாம் கவனித்ததே இல்லை. அதற்குள் எத்தனை முடிவுகள் இருக்கின்றன என்பது இங்கேதான் தெரிகிறது.

இப்போது நடுவே ஃபில்டரை நுழையுங்கள். குமிழைத் திருகினால் ரீங்காரம் மழுங்கி, ‘ஊ’ என்பதிலிருந்து ‘ஆ’ என்பதற்கு வாய் திறப்பதுபோல விரிகிறது. எல்.எஃப்.ஓ.விலிருந்து ஒரு கேபிளை ஃபில்டரின் கட்டுப்பாட்டுத் துளைக்குக் கொடுங்கள். குமிழைத் தொடாமலேயே ஒலி அலை அலையாக விரிந்து சுருங்கும். எல்.எஃப்.ஓ.வின் வேகத்தை மெல்லக் கூட்டுங்கள். அசைவு துடிப்பாகிறது, துடிப்பு உறுமலாகிறது. வேகம் நம் காது கேட்கும் எல்லைக்குள் நுழைந்ததும் அசைவு என்பதே மறைந்து, முற்றிலும் புதிய நாதம் ஒன்று வந்து நிற்கிறது. தாளமும் நாதமும் ஒரே பொருளின் இரண்டு வேகங்கள் என்று புத்தகத்தில் படித்திருக்கலாம். இங்கே அதை விரல் நுனியில் கேட்கிறோம். பல மூடிய பெட்டிகளில் எல்.எஃப்.ஓ.வின் வேகத்துக்குத் தயாரிப்பாளர் ஒரு வரம்பு வைத்துவிடுகிறார். அந்த வாசல்வரை நாம் போகவே மாட்டோம்.

இன்னும் ஒரு கேபிள். முன்கூட்டிச் சொல்ல முடியாத வோல்டேஜைத் தரும் மாட்யூல்கள் உண்டு. அவற்றில் ஒன்றை எடுத்து ஆஸிலேட்டரின் சுருதிக்குக் கொடுத்து, நம் ராகத்தின் ஸ்வரங்களுக்கு மட்டும் வளைந்துகொடுக்கும் குவாண்டைசர் என்ற மாட்யூலை நடுவே வைத்தால், கருவி தானாகவே வாசிக்கத் தொடங்கும். நாம் வாசிப்பவர் என்ற இடத்திலிருந்து, விதிகளை எழுதிக் கொடுத்துவிட்டுக் கேட்பவர் என்ற இடத்துக்கு நகர்கிறோம். மூடிய பெட்டியில் எளிதில் கிடைக்காத இசை இது. மாடுலருக்கு இவ்வளவு செலவும் சிரமமும் தகும் என்றால், அது இந்த இடத்துக்காகத்தான்.

நடுவழியில் நிற்பவை

இரண்டில் ஒன்று என்று அடித்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதைக் கருவி செய்தவர்கள் ஆரம்பத்திலேயே உணர்ந்தார்கள். 1969-ல் லண்டனில் ஈஎம்எஸ் நிறுவனம் விசிஎஸ்-3 என்ற கருவியைச் செய்தது. அதில் கேபிள்களுக்குப் பதிலாக, குறுக்கும் நெடுக்கும் பதினாறு வரிசைத் துளைகள். எந்தச் சந்திப்பில் சிறு ஊசியைச் செருகுகிறோமோ, அந்த இணைப்பு உயிர் பெறும். அதன் கைப்பெட்டி வடிவமான சிந்தி ஏகேஎஸ்-தான் பிங்க் ஃப்ளாய்டின் ‘ஆன் தி ரன்’ இசையில் ஓடுகிறது. எட்டு ஸ்வரங்களைச் சீக்வென்சரில் ஏற்றி, வேகத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள்.

1971-ல் வந்த ஆர்ப் 2600 இன்னும் சாமர்த்தியமானது. உள்ளே வயரிங் முடிந்திருக்கும், கேபிள் இல்லாமலே ஒலிக்கும். ஆனால் ஒரு கேபிளைச் செருகினால் அந்த இடத்தில் தயாரிப்பாளரின் வயரிங் விலகி உங்கள் வயரிங் நடைமுறைக்கு வரும். ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் ஆர்2-டி2 என்ற குட்டி ரோபோவின் குரலை ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் தன் சொந்தக் குரலோடு இந்தக் கருவியைச் சேர்த்துத்தான் உண்டாக்கினார். 1978-ன் கோர்க் எம்எஸ்-20, 2015-ன் மோக் மதர்-32 எல்லாம் இதே வம்சம். செமி-மாடுலர் என்று அழைக்கிறோம்.

மூடிய பெட்டிக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. மினிமோக்கின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒரே ஒரு கேபிளை எடுத்து, வெளி ஒலிக்கென இருக்கும் உள்துளையில் திருப்பிச் செருகினார்கள். தன் ஒலியையே தான் விழுங்கிய மினிமோக் கரகரப்பும் கனமுமாக உறுமியது. டிபி-303 கதை இன்னும் விசேஷம். பேஸ் கிதாரின் இடத்தை நிரப்பச் செய்த கருவி அது. அந்த வேலைக்குச் சரிவரவில்லை, விற்கவில்லை, உற்பத்தி நின்றது. பழைய சாமானாக மலிவாகக் கிடைத்ததை வாங்கிய சிகாகோ இளைஞர்கள், ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் குமிழ்களைத் திருகினார்கள். ஓர் இசை வகையே பிறந்தது. மூடிய பெட்டியில் கண்டுபிடிப்புக்கு இடமில்லை என்பவர்கள் இந்த ஒரு கருவிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மீண்டும் வந்த மாடுலர்

எண்பதுகளில் செத்துவிட்டதாக நினைத்த மாடுலரை எழுப்பியவர் ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர். 1995-ல் அவர் வகுத்த ஏ-100 அமைப்பு, ‘யூரோராக்’ என்ற பொது அளவுகோலாக வளர்ந்தது. மாட்யூலின் உயரம் 128.5 மில்லிமீட்டர். அகலத்தின் அடிப்படை அளவு 5.08 மில்லிமீட்டர். மின்சாரம் பிளஸ் 12, மைனஸ் 12 வோல்ட். கேபிள் 3.5 மில்லிமீட்டர். இந்த அளவுகளைப் பின்பற்றி யார் செய்த மாட்யூலும் யார் பெட்டியிலும் உட்காரும். இன்று நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் ஆயிரக்கணக்கான மாட்யூல்களைச் செய்கின்றன. பழைய சுருதிப் பிரச்சினையும் பெருமளவு தீர்ந்துவிட்டது.

தீராதது செலவு. ஒரு சராசரி மாட்யூல் 150-லிருந்து 400 டாலர். பெட்டிக்கும் மின்சாரத்துக்கும் தனியே சில நூறு டாலர். ஒரே ஒரு ஸ்வரத்தைச் சீராக வாசிக்கும் அளவுக்குச் சேர்ப்பதற்குள் ஆயிரம் டாலரைத் தாண்டிவிடும். இந்தியாவுக்கு வரவழைத்தால் சுங்கமும் அனுப்பும் செலவும் மேலே ஏறும். அந்தப் பணத்தில் நான்கு ஸ்வரங்கள் வாசித்து, ஒலிகளை நினைவிலும் வைக்கும் அனலாக் கருவி ஒன்றை வாங்கி, மீதியும் பிடிக்கலாம். மாடுலரில் கார்டு வேண்டுமென்றால், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனி ஆஸிலேட்டர், தனி ஃபில்டர், தனி என்வலப் என்று கணக்கு பெருகும்.

வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. மாட்யூலின் பின்புறம் செருகும் பட்டை கேபிளின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அது மைனஸ் 12 வோல்ட் பக்கம். அதைத் தலைகீழாகச் செருகினால் பல மாட்யூல்கள் அந்த நொடியே கருகிவிடும். சுவிட்சைப் போடும் முன் சிவப்புக் கோட்டை இருமுறை பாருங்கள்.

எது யாருக்கு?

பாட்டு எழுதுகிறீர்கள், குறும்படத்துக்கு இசை அமைக்கிறீர்கள், குழுவில் வாசிக்கிறீர்கள், நேற்றைய ஒலி நாளைக்கும் வேண்டும் என்றால் மூடிய பெட்டியை வாங்குங்கள். அதில் தாழ்வு ஒன்றுமில்லை. நல்ல கருவியாளர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் யோசித்து எடுத்த முடிவுகளை விலைக்கு வாங்குகிறீர்கள், அவ்வளவுதான். முன்கூட்டியே ஏற்றிவரும் ஒலிகளை மட்டும் நம்பாமல், குமிழ்கள் முகத்திலேயே இருக்கும் கருவியாகப் பார்த்து வாங்குங்கள். ஒவ்வொரு குமிழும் என்ன செய்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும்வரை அடுத்த கருவியைப் பற்றி நினைக்காதீர்கள்.

ஒலியின் உடலையே கையில் எடுத்துப் பார்க்க ஆசை, நாடகத்துக்கோ கலைக்கூடத்துக்கோ சினிமாவின் ஒலி வடிவமைப்புக்கோ இதுவரை யாரும் கேட்காத ஒலி வேண்டும், செய்தது கலைந்துபோனாலும் வருத்தமில்லை என்பவருக்கு மாடுலர். ஆனால் ஆசையில் பெட்டியை நிரப்பாதீர்கள். உங்கள் கருவியால் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வி உங்களிடம் இருக்க வேண்டும். அந்தக் கேள்விக்குத் தேவையான மாட்யூலை மட்டும் வாங்குங்கள். கேள்வி இல்லாதவரிடம் மாடுலர் விலையுயர்ந்த விளக்கு அலங்காரமாக நின்றுவிடும்.

எதுவும் முடிவாகாத மாணவர்களுக்குப் பணமே தேவையில்லை. விசிவி ராக் என்ற மென்பொருள் 2017-லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். திரையில் யூரோராக் மாட்யூல்களை அடுக்கி, மவுஸால் கேபிள் இழுத்து இணைக்கலாம். மேலே சொன்ன ஆஸிலேட்டர், ஃபில்டர், எல்.எஃப்.ஓ. பரிசோதனையை இன்று இரவே ஒரு ரூபாய் செலவில்லாமல் செய்துபார்க்கலாம். பிடித்துப்போய் கையில் தொட்டுப் பழக வேண்டும் என்று தோன்றினால், அடுத்த படி செமி-மாடுலர்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நம் இசைக் கல்லூரிகளிலும் விஷுவல் கம்யூனிகேஷன் துறைகளிலும் கணினிக்கூடங்கள் இருக்கின்றன. அவற்றில் இந்த இலவச மென்பொருளை ஏற்றி, வாரத்துக்கு ஒரு வகுப்பு ஒதுக்குங்கள். 1969-ல் இந்தியாவில் ஒரு கல்வி நிறுவனம், கடல் கடந்து ஒரு கருவியை வரவழைத்து, ஐந்தாறு பேரின் கையில் அதை நம்பிக் கொடுத்தது. அன்று அது பெருஞ்செலவு. இன்று அதே வாய்ப்பைத் தருவதற்குச் செலவே இல்லை. மூடிய பெட்டியை வாசிக்கப் போகிறவர்களும் உள்ளே ஒலி எந்த வழியாக ஓடுகிறது என்று ஒருமுறை தாங்களே வயர் கோத்துப் பார்க்கட்டும். அதன் பிறகு அவர்கள் எந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்தாலும் அது தெரிந்து எடுத்த முடிவாக இருக்கும்.